டிமைத்தாளில் ஒரு புறா

வெள்ளாங்குளம்.

அன்பின் சிநேகிதிக்கு,

'நான் நலம், உன் நலமறிய ஆவல்' எண்டு தொடங்கினால் கடிதத்தைக் கிழிச்சுப் போடுவாய். அதால நேரா விடுப்புக்கு வாறன்.

போன கிழமை இஞ்ச ஒரு சமாதானச் செயலமர்வு. ஐயர், ஃபாதர், மௌலவி மூண்டு பேரும் குத்துவிளக்கடியில நிண்டு "நீங்கள் ஏத்துங்கோ", "இல்லை, நீங்கள் ஏத்துங்கோ" எண்டு மரியாதை பாத்துக்கொண்டிருக்க, நெருப்புக்குச்சி ஐயரின்ர விரலைச் சுட்டு அணைஞ்சு போச்சு. மூண்டு பேரும் சேந்து சிரிச்சவை. என்னைக் கேட்டால், பின்னேரம் வரைக்கும் நடந்ததில உருப்படியானது அதுதான்.

பிறகு குழுச் செயற்பாடு. டிமைத்தாளும் மாக்கர் பேனையும் தந்து, சமாதானம் எண்டால் என்னவெண்டு எழுதச் சொல்லிச்சினம். எங்கட குழு புறா கீறினது. பாத்தால் தாரா மாதிரி. தேவன்பிட்டியில இருந்து வந்த ஒரு ஆச்சி மட்டும், "கடலில இந்தியா ரோலர் வராத இரவு, வேறென்ன?" எண்டா. பேனை வைச்சிருந்த பெடியன் அதை எந்த நிரலில எழுதிறதெண்டு தெரியாமல் முழிச்சான்.

ஆனால் மௌலவியின்ர ஆக்களை 1990 ஒக்ரோபரில புலிகள் இயக்கம் மன்னாரை விட்டுக் கலைச்சதைப் பற்றி ஒரு தாளிலயும் ஒரு வரி இல்லை. அவர் முன்வரிசையில பிளேன்ரீயோட இருந்தார். நானும் வாய் திறக்கேல்லை. அது இன்னும் குத்துது.

இன்னொண்டு கேள். சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி எண்டு கல்வி அமைச்சு 2008இல ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டதாம். 2008! எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிப் போச்சு. அந்த ஏப்ரலிலதானே செல்லுக்குப் பயந்து மடு அம்மாளின்ர சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்தவை? அம்மாளுக்கும் இடம்பெயர்வு! ஓகஸ்ட் 2இல ஆமி எங்கட ஊரைப் பிடிக்கேக்க, நாங்கள் உழவு மிசின் பெட்டியில, உன்ர கோழியை மாறி மாறி மடியில வைச்சுக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போட்டம்.

சைவமும் கிறிஸ்தவ வேதமும் ஒரே பங்கருக்குள்ள படுத்தெழும்பின சனம் நாங்கள். அந்தச் சனத்துக்குள்ளயே 2019இல சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சரக் கோயில் வளைவைப் பிடுங்கினதை நீயும் போனில பாத்திருப்பாய். செல்லடிக்க ஒண்டா ஓடினதெல்லாம் ஒற்றுமையெண்டு சொல்லேலாது. அது வெறும் பயம்.

பள்ளிக்கூடத்திலயும் சமயப் பாட மணி அடிச்சால் ஒரே வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு போகுது. பிள்ளையள் பிறகு சேருங்கள், தாய்தகப்பன் சேராயினம். அதுதான் நான் ஒரு வேலை பாத்தன். எங்கட மன்னார் வாசாப்பு நாடகம் ஒண்டைப் பழக்கத் தொடங்கி, வேதக்கார ராசா வேசத்தை ஒரு சைவப் பெடியனுக்குக் குடுத்திட்டன். தகப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "ரீச்சர், கழுத்தில சிலுவை போட வேணுமோ?" "ராசாவுக்குப் போட வேணும், உங்கட மகனுக்கில்லை" எண்டன். உறுமிக்கொண்டு போனவர், அடுத்த நாள் பிஸ்கற் பெட்டி மட்டையில ரெண்டு முடி வெட்டிக்கொண்டு வாறார்! ஒண்டு மகனுக்கு. மற்றது மந்திரிக்கு. மந்திரி வேதக்காரப் பெடியன். இவற்ர வேலியைத் தள்ளிப் போட்டதெண்டு ஆறு வருஷமாக் கதைபேச்சில்லாமல் இருக்கிற அயல்வீட்டுக்காரரின்ர பேரன்.

வேலி இன்னும் அங்கதான் நிக்குது. ஆனால் ஒத்திகைக்கு ரெண்டு வீட்டு அம்மம்மாக்களும் வருகினம். வந்து, பெடியள் பாட்டை இழுக்கிற இழுவை பிழையெண்டு சேந்து என்னைத்தான் பேசுகினம்.

ரொறன்ரோவில உன்னட்டப் பழைய சரிகைச் சேலை கிடந்தால் ஆரிட்டையும் குடுத்துவிடு, ராசாவுக்குச் சட்டை தைக்க. நீலம் மட்டும் வேண்டாம். அதுக்கு அம்மம்மாக்கள் ஏற்கெனவே சண்டை.

உன்ர,
ரீச்சர்