ஒரு சார்ஜின் விலை



2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். மின்சார பைக்கின் மீது பலருக்கும் கண் போனது அப்போதுதான். இப்போது நானும் ஒன்று வைத்திருக்கிறேன். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு, வாரத்தில் இரண்டு மூன்று நாள், வகுப்பு நடத்த அதில்தான் போய் வருகிறேன். ஓத வரும் பிள்ளைகளின் வாப்பாமார் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "ஹஸரத், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு முடியும்?"

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது லேசானது. எனது பைக்கின் பெற்றரி 60 வோல்ட், 20 அம்பியர் மணி. பெருக்கினால் 1200. அதாவது 1.2 யூனிட். சார்ஜர் சூடாவதில் கொஞ்சம் வீணாகும் என்பதால் ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் பத்துத் தடவை சார்ஜ் செய்தால் 15 யூனிட்.

மலைநாட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் தூரம் சமதரைக்கு உரியது. பைக்கும் ஆளுமாக 180 கிலோவை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே சுமார் 0.05 யூனிட் வேண்டும். ஓடும் செலவு அதற்கு மேலே. கம்பளைக்கு இறங்கும்போது குறையாத பெற்றரி, திரும்பி ஏறும்போது கரைந்து போவது இதனால்தான்.

இரண்டாவது விடைதான் முக்கியமானது. அந்த 15 யூனிட் யாருடைய மீற்றரில் ஏறுகிறது?

நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 ஓகஸ்ட் வரை இருந்த விலையை உதாரணத்துக்கு எடுப்போம். முதல் 30 யூனிட்டுக்கு 2.50 ரூபாய், அடுத்த 30க்கு 4.85. ஆக, 60 யூனிட் பாவித்த வீட்டுக்கு 220 ரூபாய் 50 சதம். 60ஐத் தாண்டினாலோ, அந்த முதல் 60க்கும் சேர்த்தே 7.85, அதற்கு மேல் 90 வரை 10 ரூபாய். 75 யூனிட்டுக்கு 621 ரூபாய். நிலையான கட்டணம் வேறு. பதினைந்து யூனிட் கூடியதால் ஏறிய தொகை 400 ரூபாய் 50 சதம். பட்டியலில் யூனிட் பத்து ரூபாய் என்றிருந்தாலும், அந்த வீட்டுக்கு விழுந்த விலை 26 ரூபாய் 70 சதம்! அதன்பின் விலைகள் பலமுறை ஏறி இறங்கின. ஆனால் 60ஐத் தாண்டியவருக்கு முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடும் என்ற ஒழுங்கு 2023ஆம் ஆண்டு மாற்றத்திலும் நீடித்தது.

கம்பளையில் என் ராத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர், தையலில் வாழ்க்கை ஓடுகிறது. பைக் வாங்கியதைக் கேட்டதும், "ஏற முந்தி எங்கட ஊட்டுல சார்ஜ் போடுங்க தம்பி. காசெல்லாம் வாணாம்" என்றார். "முதல்ல கரண்ட் பில்லக் காட்டுங்க ராத்தா" என்றேன். 60க்குச் சற்றுக் கீழே நின்றது அவருடைய கணக்கு. என் 15 யூனிட் சேர்ந்தால், அவர் சிக்கனமாக எரித்த விளக்குக்கும் விலை ஏறிவிடும். ஆகவே வீட்டிலேயே முழுதாக சார்ஜ் செய்துகொண்டு இறங்குகிறேன். எங்கள் வீடு முன்பே 60ஐத் தாண்டியது. அதனால் கூடுவது அந்த 15 யூனிட்டின் விலை மட்டும்தான். என்றைக்காவது ராத்தா வீட்டில் போட நேர்ந்தால், யூனிட் விலையை அல்ல, பில்லில் ஏறும் வித்தியாசத்தைக் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பள்ளிவாசல் பிளக்கில் போடலாமா என்றும் இளைஞர்கள் கேட்கிறார்கள். வணக்கஸ்தலங்களுக்கு மின்கட்டணத்தில் தனிப் பிரிவு உண்டு. அது வணக்கத்துக்காகத் தரப்பட்டது. நமது பயணத்துக்காக அல்ல. பில்லைக் கட்டுவதும் ஜமாஅத்தாரின் சந்தாப் பணம். ஹிஜ்ரி 99இல் கலீஃபாவான உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சொந்தப் பேச்சு தொடங்கியதும் பொதுப் பணத்தில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தமது விளக்கை ஏற்றினார்கள் என்ற செய்தியை நாம் பயான்களில் கேட்டு மகிழ்கிறோம். அந்த விளக்கின் எண்ணெய்தான் இன்றைக்கு இந்த பிளக்கில் வருகிறது. நிர்வாகம் அனுமதித்து, ஒரு தொகையை நிர்ணயித்து வாங்குமானால் அது வேறு விடயம். கேட்காமல் செருகுவது அமானிதத்தில் கைவைப்பதாகும்.

எனவே சகோதரர்களே, பைக் வாங்கும் முன் பெற்றரியை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுப் பில்லை எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெற்றரி ஒருநாள் தேயும்; அதை மாற்றுவதற்கும் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். பிறர் வீட்டில் செருகும்போது அவர் "வேண்டாம்" என்பதைக் கேட்டுத் திருப்திப்படாமல், அவருடைய மீற்றரையும் கேளுங்கள். வெட்கத்தில் வாய் திறக்காதவரின் ஹக்கையும் நாம்தான் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.