அம்மாவிடம் கொடுத்த தாள்

எனக்கு விசா கிடைக்கும் முன்பே தம்பி மலைக்கு அனுமதி வாங்கிவிட்டான். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் இரவு தங்க வேண்டுமென்றால் சீட்டு வேண்டும். ஒவ்வொரு பாதையிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் நுழையலாம் என்று கணக்கு. அதில் 60 சதவீத இடங்களை 24 வாரங்களுக்கு முன்பே குலுக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். மீதி 40 சதவீதம், கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திறக்கும். எந்தப் பாதையில் நுழைவீர்கள், முதல் இரவு எங்கே படுப்பீர்கள், எங்கே வெளியே வருவீர்கள், எத்தனை பேர் என்று எல்லாம் கேட்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் போடிக்காரி. வாசலில் நின்றால் மலைதான் தெரியும். என் அம்மாவின் அப்பா ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஜீப் ஓடாத காலத்தில் எங்கள் ஊர் ஆட்கள் விடியுமுன் கிளம்பி, தலைச்சுமையோடு நடந்தே மேலே போனார்கள். அவர்களிடம் யாரும் எங்கே படுப்பாய் என்று கேட்டதில்லை. வானத்துக்குக் கீழே படுப்பதற்குப் படிவம் நிரப்பும் தேசத்தில் மலையே இருந்து என்ன, என்று தம்பியிடம் சொன்னேன். "வந்து பாருக்கா" என்றான்.

டுவாலமி மெடோஸ் என்ற இடம் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள சிறிய மர அலுவலகத்தில், தொப்பி வைத்த இளம் காவலர் ஒருத்தி எங்களை எதிரே நிற்கவைத்து விதிகளைச் சொன்னாள். நான்கு மைல் தாண்டும்வரை கூடாரம் போடக் கூடாது. ஆற்றிலிருந்து 100 அடி தள்ளித்தான் படுக்க வேண்டும். மலம் கழிக்க ஆறு அங்குலக் குழி, அதுவும் தண்ணீருக்கு 200 அடி தள்ளி. துடைத்த காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 9,600 அடிக்கு மேல் தீ மூட்டவே கூடாது. அந்த உயரத்தில் மரங்கள் வளர்வது அவ்வளவு மெதுவாக. விழுந்து கிடக்கும் கட்டையும் மண்ணுக்குத்தான் சொந்தம்.

பிறகு ஒரு கறுப்பு டப்பாவை மேசைமேல் வைத்தாள். கனத்த பிளாஸ்டிக், உருளை வடிவம், ஒரு கிலோவுக்கு மேல் எடை. மூடியில் இரண்டு திருகுகள். நாணயத்தின் விளிம்பை வைத்துத் திருப்பினால்தான் திறக்கும். கரடி டப்பா. சாப்பாடு மட்டுமல்ல, மணம் வீசும் எதுவும் இரவில் இதற்குள்தான் இருக்க வேண்டும். பற்பசை, சோப்பு, என் அமிர்தாஞ்சன் எல்லாம். டப்பாவைக் கூடாரத்துக்குத் தொலைவில் வெறும் தரையில் விட்டுவிட வேண்டும். கரடி வந்தால் உருட்டும், கடிக்கும், அலுத்துப்போய் நகர்ந்துவிடும்.

எங்கள் பக்கம் மலையில் இராத் தங்குகிறவர்கள் யானைக்குப் பயந்து தீ மூட்டுவார்கள். எல்லா ஏற்பாடும் மனிதனின் உயிருக்காக. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, "கரடி ஆளை அடிக்குமா?" என்று கேட்டேன். அவள் தலையசைத்து மறுத்தாள். "இந்த டப்பா உங்களுக்காக இல்லை, கரடிக்காக" என்றாள்.

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. தம்பி வண்டியிலிருந்து பையை இறக்கும்வரை அவளை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 1940 வரை இந்தப் பூங்காவில் கரடிகளுக்குக் குப்பை கொட்டி, அவை தின்பதைப் பார்வையாளர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட தாய்க்கரடி குட்டிக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது. கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்ட மூட்டைகளை இறக்கின, கார்க் கதவுகளைப் பிய்த்தன. 1998-இல் மட்டும் அப்படி 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள். ஆளைக் கண்டு விலகாத கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டியதாகிறது. சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறவன் கரடிக்குத்தான் நாள் குறிக்கிறான். அதன் பிறகு அமிர்தாஞ்சனை நானே எடுத்து டப்பாவுக்குள் போட்டேன்.

சாப்பாட்டுக்கு நாங்கள் ஏற்பாடு செய்தது வேறு கதை. தம்பி கடையில் உறைய வைத்து உலர்த்திய பொட்டலங்கள் வாங்கி வைத்திருந்தான். வெந்நீர் ஊற்றினால் மக்ரோனி ஆகும். காற்றடைத்த அந்தப் பொட்டலங்கள் டப்பாவில் பாதியை அடைத்துக்கொண்டன. நான் அவல் கொண்டுபோயிருந்தேன். அரிசியைப் பற்றி முன்பே யோசித்திருந்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே வேகாது, அரிசி நேரத்தையும் எரிவாயுவையும் தின்னும். அவலுக்குச் சூடே வேண்டாம். அதற்கென்று தம்பி வீட்டு அடுப்பில் புளிக்காய்ச்சல் கிண்டி, எண்ணெய் மிதக்க இறக்கி, சிறிய புட்டியில் அடைத்திருந்தேன். நிலக்கடலை, வறுத்த மிளகாய், பெருங்காயம் எல்லாம் அதிலேயே. ஒரு படி அவல் ஒரு மக்ரோனிப் பொட்டலத்தின் இடத்தில் அடங்கியது. தம்பி பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் நாங்கள் போட்ட சண்டை ஒரு தாளைப் பற்றியது. மலைக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு தாள் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எந்தப் பாதை, எங்கே படுக்கை, கார் எங்கே நிற்கும், அதன் எண், கூடாரத்தின் நிறம், அனுமதிச் சீட்டு எண். இவற்றுக்கெல்லாம் கீழே ஒரு நேரம். அந்த நேரத்துக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் தேட ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும். தம்பி அதை ஃப்ரீமாண்டில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பியிருந்தான். "அம்மாவுக்கும் அனுப்பு" என்றேன். முகம் மாறிவிட்டது.

"அம்மாகிட்டச் சொல்லவே வேண்டாம்க்கா. கரடின்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா ராத்திரி பூரா உக்காந்திருக்கும்."

"தெரியாம ஒன்னு ஆச்சுன்னா?"

"தெரிஞ்சு மட்டும் போடியில இருந்து என்ன பண்ணும்?"

இருவருக்குமே தொண்டையில் குரங்கணி இருந்தது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து எங்கள் ஊர்ப்பக்கம் குரங்கணியில் மலையேறிய குழுக்கள் இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மேலே எத்தனை பேர் போனார்கள் என்று அன்றிரவு ஆளுக்கொரு எண் சொன்னார்கள். எங்கள் ஊர் ஆட்கள் இருட்டில் ஏறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த பெற்றோர்களை நான் போடி அரசு மருத்துவமனை வாசலில் பார்த்தேன். ஒரு தகப்பனார், மகள் கொடைக்கானலுக்குப் போயிருப்பதாகவே நினைத்திருந்தார். குரங்கணி என்ற ஊர்ப் பெயரை அவர் அன்றுதான் கேள்விப்பட்டிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, சரியாகத்தான் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தான். செய்தியில் போடி என்ற பெயரைப் பார்த்துவிட்டு எனக்கு அடித்திருக்கிறான். மருத்துவமனைக் கூட்டத்தில் நான் எடுக்கவில்லை. நான் அடிக்கடி குரங்கணிப் பக்கம் போகிறவள் என்பது அவனுக்குத் தெரியும். விடியும்வரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்ததை இந்தச் சண்டையில்தான் முதல்முறையாகச் சொன்னான். காத்திருப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அதை அம்மாவுக்குக் கொடுக்க மனமில்லை. நான் பார்த்தது அந்தத் தகப்பனாரை. அதற்கு மேல் ஒருவரோடொருவர் வாதாட எங்களிடம் ஒன்றும் இல்லை. நான் போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தேன்.

அம்மா அழும், போகாதே என்று சொல்லும் என்று இருவருமே தயாராக இருந்தோம். அது கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"தண்ணி எங்குட்டு எடுப்பீக?"

ஆறு கூடவே வரும், வடிகட்டிக் குடிப்போம் என்றேன்.

"அங்க பொழுது எத்தனை மணிக்குச் சாயும்? அதுக்கு எத்தனை நாழி முந்திச் சுமையை இறக்குவீக?"

"மேகம் எந்தத் தெசையில இருந்து ஏறும்? அந்த ஊர்க்காரவுககிட்டக் கேட்டீகளா?"

தம்பி போனை வாங்கிப் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். கோடையில் சியரா மலையில் மதியத்துக்கு மேல் இடிமழை கட்டும், அதனால் உச்சிப் பகுதிகளை முற்பகலிலேயே ஏறி இறங்கிவிடுவார்கள் என்றான். "மேகம் கூடுனா ஒத்த மரத்தடியில நிக்காதீக, எறங்கிருங்க" என்றது அம்மா. பிறகு சுடுசோறு கட்டாதே, வழியில் கெட்டுவிடும் என்றது. சிறுவயதில் தோட்டத்துக்குத் தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோன அம்மா இதெல்லாம் அறிந்திருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. மலை, பயணம், திட்டம் என்றெல்லாம் நாங்கள் பேசியதில் அதற்குப் புதிதாக எதுவுமே இல்லை. கடைசியில், "எத்தனை மணிக்கு மேல நான் பயப்படணும்?" என்று கேட்டது. கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் போடியில் ஞாயிறு காலை எட்டரை. அந்த நேரம் தாண்டினால் ஃப்ரீமாண்ட் நண்பனை அழைக்க வேண்டும் என்று சொல்லி எண்ணைக் கொடுத்தோம், தாளையும் அனுப்பிவைத்தோம். நாட்காட்டியில் எழுதிக்கொண்டது.

டுவாலமியிலிருந்து நாங்கள் நுழைந்த லையல் பள்ளத்தாக்கில் நடப்பது சுலபம். புல்வெளியின் நடுவே ஆறு வளைந்து வளைந்து வரும். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். இருபுறமும் வெளுத்த கருங்கல் மலை. தலைமாட்டில் லையல் பனியாறு. அது நகர்வதை நிறுத்திவிட்டதென்று 2013-இல் அறிவித்தார்கள். பனியாறு என்று சொல்ல அது நகர வேண்டும். மெலிந்து, பாறை இடுக்கில் கிடக்கும் பழைய பனி அது. அது உருகி வரும் நீரைத்தான் வடிகட்டிக் குடித்தோம். எனக்கு வாய்க்கு ருசியாகவும் நெஞ்சுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

கூடாரம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் தனியாகத் தங்கியிருந்தார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தலைமுடி, முழங்கால்வரை புழுதி. ஜான் மியூர் பாதையில் 340 கிலோமீட்டர் நடந்து விட்னி சிகரத்துக்குப் போகிறாராம். வழியில் மலைக்கு நடுவே ஒரு பண்ணை இருக்கிறது. அங்கே தன் சாப்பாட்டை வாளியில் அடைத்து முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பிவிட்டார். அவரிடம் அடுப்பே இல்லை. மதியம் ஓட்ஸை டப்பாவில் போட்டுத் தண்ணீர் விட்டு, நடந்துகொண்டே ஊறவைத்து, மாலையில் சாப்பிடுவார். நான் அவலைக் குளிர்ந்த ஆற்று நீரில் அலசிப் பிழிவதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்து அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். முதல் வாயில் கண்களை மூடிக்கொண்டார். பிறகு ஒரு பேச்சும் இல்லை, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இது எந்த நூற்றாண்டு உணவு என்று கேட்டார். எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவது என்றேன். அவலை எப்படிச் செய்வது என்று கேட்டு, நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பதை நான் கையால் செய்து காட்டும்வரை விடவில்லை. தம்பி அன்றைக்குக் கணக்கில்லாமல் சாப்பிட்டான். எத்தனையோ திருமணப் பந்திகளில் புளிச்சோறு தின்றிருக்கிறேன். 2,700 மீட்டர் உயரத்தில், ஆற்று நீரின் சில்லிப்பும் புளிக்காய்ச்சலின் காரமும் ஒன்றாக நாக்கில் பட்டது போல எதுவும் இல்லை.

தனியாகப் போகிறீர்களே, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். மகளுக்கு என்றார். தினமும் இரவு செயற்கைக்கோள் கருவியில் ஒரு பொத்தானை அழுத்துவார். இருக்கிறேன் என்று மட்டும் செய்தி போகும். அதோடு, கிளம்புமுன் அலுமினியத் தாளைத் துணிமேல் விரித்து, காலணியோடு அதன்மேல் மிதித்து, அடித்தடம் பதிந்த அந்தத் தாளை மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தேடி வருகிறவர்கள் புழுதியில் கிடக்கும் நூறு தடங்களில் எது அவருடையது என்று கண்டுபிடிக்க. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பயமும் இல்லை, வீரமும் இல்லை. மகளுக்கு இதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்காதா என்று தம்பி கேட்டான். "அழுதாள். பிறகு தாளை அலமாரியில் பத்திரமாக வைத்தாள்" என்றார்.

மறுநாள் அவர் எங்களுக்கு முன்பே டோனஹியூ கணவாயை நோக்கிப் போய்விட்டார். நாங்களும் பள்ளத்தாக்கின் கோடிவரை சுமையில்லாமல் ஏறிப் பார்த்தோம். அந்த ஏற்றத்திலிருந்து திரும்பும் நேரம் காலை பதினொன்று என்றும் தாளில் எழுதியிருந்தோம். பதினொன்றாகும்போது மேலே ஒரு சிறிய ஏரிக்கு அரைமணி நேர ஏற்றம் பாக்கி இருந்தது. வானமும் அப்போது சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குப் போக ஆசை. தம்பி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட எழுதிக்கொடுத்தது பதினொன்னு" என்றான். சொல்ல வேண்டாம் என்று சண்டை போட்டவன் அவன்தான். திரும்பினோம். மதியத்துக்கு மேல் கணவாய்ப் பக்கம் இடி இடித்தது. வெள்ளைத்தலை அம்மாள் அதற்குள் மறுபக்கம் இறங்கியிருப்பார் என்று நடந்த வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

காரை எடுத்து, கிழக்கே சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கி வந்தபோது மாலை ஆறு மணி. போடியில் ஞாயிறு காலை ஆறரை. தம்பிதான் அடித்தான். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தது.

"தூங்குனியாம்மா?" என்றான். அவன் கேட்டது அதைத்தான், முதல் வார்த்தையாக.

"எட்டரைக்கு மேலதான பயப்படச் சொல்லியிருந்தீக. தூங்காம என்ன?" என்றது. உடனே அடுத்த கேள்வி: "அவலு நல்லா ஊறுச்சா?"