அரண்மனைப் பாதையில் இரண்டு கடைகள்

பீகிங் என்று நாம் சொல்லிவந்த பெய்ஜிங்குக்குப் போவீர்களானால், சியென்மென் கோட்டை வாசலிலிருந்து வடக்கே நடந்து பாருங்கள். தியனன்மென் சதுக்கத்தைத் தாண்டினால் பழைய சக்கரவர்த்திகளின் அரண்மனை. இந்த ஒரே பாதையில் இரண்டு அமெரிக்கக் கடைகளின் கதை இருக்கிறது.

கே.எஃப்.சி. என்ற கோழி வறுவல் கடை, 1987-ல் சீனாவில் முதன்முதல் கதவு திறந்தது சியென்மென் அருகில்தான். தன் ஊர்ப் பண்டத்தோடு அது நின்றுவிடவில்லை. சீனக் குடும்பங்கள் காலையில் என்ன சாப்பிடுகின்றன என்று கவனித்தது. அரிசிக் கஞ்சி காய்ச்சியது. 2008-ல், கஞ்சிக்குத் துணையாக அவர்கள் கடித்துக்கொள்ளும் நீளமான எண்ணெய்ப் பலகாரத்தையும் பொரித்தது. ஊர் ஊராகக் கிளை பரப்பியது.

ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடையோ, 2000-ல் அரண்மனைக்குள்ளேயே இடம் பிடித்தது. மூதாதையர் மாளிகையில் அயலார் வியாபாரமா என்று பலர் முகம் சுளித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, 2007-ல் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கோபம் காப்பியின் மேல் அல்ல, இடத்தின் மேல்தான்! நகரத்தின் மற்றத் தெருக்களில் அதே காப்பியை மக்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வந்த விருந்தாளி நம் அடுக்களைப் பக்குவத்துக்குப் பழகிக்கொண்டால் நமக்கும் சந்தோஷந்தான். பூஜை அறையில் கடை விரித்தால் பொறுப்போமா, சொல்லுங்கள்?