சாமி எங்கே, ஜி எங்கே?

கிடார் வாங்கி இரண்டு வருஷம். ஆறு கம்பியையும் சேர்த்து 'ஜங்'கென்று இழுத்தால்தான் எனக்குத் திருப்தி. ஜாஸ் கற்றுத்தந்த மாஸ்டரோ காதைப் பொத்திக்கொண்டார்.

"ஜி செவன் கார்டுல என்னென்ன ஸ்வரம் தம்பி?"

"ஜி, பி, டி, எஃப் சார்."

"ஜியும் டியும் வேண்டாம். பி, எஃப் போதும்."

"ஜியே இல்லாம ஜி செவனா?"

"ஜியை பேஸ் கிடார்காரன் வாசிப்பான். அவன் சோத்துல நீ ஏன் கை வைக்கிறே?"

கவுன்ட் பேஸி குழுவில் 1937-லிருந்து ஐம்பது வருஷம் வாசித்த ஃப்ரெடி கிரீன், பல சமயம் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் ஒலிக்க விடுவாராம். எனக்கோ அழுகையே வந்துவிட்டது. இதுக்கா ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டினேன்? கிடாரை விற்றுவிடுவது என்ற முடிவோடு ஊருக்கு பஸ் ஏறினேன்.

ஊர், ஆவுடையார்கோவில். ஆத்மநாதர் சந்நிதியில் ஆவுடை மட்டும்தான். மேலே லிங்கம் கிடையாது. நைவேத்தியமும் அப்படியே. புழுங்கலரிசிச் சாதத்தின் ஆவிதான் சாமிக்கு. பக்கத்தில் ஒரு பாட்டி, கண்ணில் நீர் வழியக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

'அட!' என்றது மனசு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டே கம்பி. பி, எஃப். அங்கிருந்து சி கார்டுக்கு இறங்கியபோது, நான் தொடவே தொடாத ஜி காதில் நின்றது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, மத்த கம்பியெல்லாம் அறுந்துபோச்சா?"