வீடியோ கேம் பெட்டிக்கு மேளம் கட்டுவது எப்படி?

தஞ்சாவூர் வீணை என்றதும் பலா மரம் ஞாபகம் வரும், யாளி முகம் ஞாபகம் வரும். அதில் இருக்கிற மெழுகு ஞாபகம் வருமா? வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயில் பட்டும் விரல் அழுந்தியும் வருடங்கள் போகப் போக மெழுகு இளகும், சுருதி விலகும். அப்போது வீணை செய்பவரிடம் கொண்டு போவார்கள். அவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மெழுகு வைத்து, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாகப் பொருத்துவார். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெழுகு மாறியதால் பாட்டியின் வீணை வேறு வீணை ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, வீடியோ கேமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கொண்டு வந்தது. 1980-ல் நாம்கோவின் பேக்-மேன் வந்தது. ஆள் உயரப் பெட்டி, காசு போடும் துளை, ஜாய்ஸ்டிக், உள்ளே கனமான படக்குழாய். தொண்ணூறுகளில் நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் நின்றது இவற்றின் தம்பி தங்கைகள்தான். அப்படி ஒரு பழைய பெட்டி இன்று ஏதாவது குடோனில் கிடைத்தால் என்ன செய்வார்கள்? உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டரையும் தட்டைத் திரையையும் மாட்டிவிடுவார்கள். 1997-ல் வெளிவந்த மேம் என்ற மென்பொருள் இருக்கும்போது பழைய ஆட்டமெல்லாம் ஓடும். ஆட்டம் ஓடும், ஆனால் பெட்டி போய்விடும்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. எதையுமே தொடாதே, எல்லாம் ஒரிஜினலாக இருக்கட்டும் என்பார்கள். அதுவும் தப்பு. கேப்காம் கம்பெனி 1993-ல் கொண்டு வந்த சிபிஎஸ்-2 போர்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. ஆட்டத்தைத் திறக்கும் ரகசியச் சாவி அந்த பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்துவிடும், ஆட்டம் ஓடாது. ஒரிஜினல் பேட்டரியை மதித்து அப்படியே வைத்திருந்தவர்தான் ஆட்டத்தை இழந்தார்! (சாவியைத் திரும்ப எழுத ஆர்வலர்கள் பிற்பாடு வழி கண்டுபிடித்தது வேறு கதை.)

ஆக, எது மெழுகு, எது பலா மரம் என்று தெரிந்திருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

கெப்பாசிட்டர்கள் மெழுகு. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் படம் நெளியும், சுருங்கும். மாற்றிவிடலாம், விலையும் குறைவு. பட்டனுக்கு அடியில் உள்ள சுவிட்சும் மெழுகுதான். மரத்தூள் பலகையில் செய்த பெட்டி என்றால், ஐப்பசி மழை ஈரத்தில் அடிப்பலகை ஊதிவிடும். அந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதுப் பலகை வைக்கலாம். கிடைத்த சந்தோஷத்தில் உடனே பிளக்கைச் சொருகிவிடக் கூடாது. பவர் சப்ளையை போர்டிலிருந்து கழற்றி, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அதிகமாக வந்தால் சிப்புகள் செத்துவிடும்.

படக்குழாய் பலா மரம். பெரிய அளவில் அதைத் தயாரிப்பது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. அதன் கழுத்துப் பகுதி லேசாகத் தட்டினாலே உடைந்துவிடும். வேலை செய்யும்போது உள்ளே சுமார் 20,000 வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அந்தப் பழக்கம் யாரிடம் இருக்கிறது? தமிழ்நாட்டில் 2006-லிருந்து 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் இலவச கலர் டிவிகள் வீடு வீடாகப் போயின. எல்லாமே படக்குழாய் டிவிகள். டெல்டா கிராமங்களில் அவை ரிப்பேர் ஆனபோது சரிசெய்து கொடுத்தவர்கள் கடைத்தெரு மெக்கானிக்குகள். வீடியோ கேம் பெட்டிக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதே படக்குழாய், அதே வேலை. ஆனால் இன்று அவர்களிடம் வருவது எல்இடி டிவி, அதிலும் போர்டையே மாற்றிவிடும் வேலை. கற்றுக்கொள்ள யாரும் வருவதில்லை.

கெப்பாசிட்டர் நாளைக்கும் கிடைக்கும். படக்குழாய்கூடப் பழைய டிவியிலிருந்து தேடிப் பிடிக்கலாம். மேளம் கட்டத் தெரிந்த கை இல்லாவிட்டால் வீணை வெறும் பலா மரம்தான். இந்தப் பெட்டியும் அப்படித்தான். உங்கள் தெருவில் பழைய டிவி மெக்கானிக் யாராவது இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துப் பாருங்களேன்.