கத்தியும் எழுத்தாணியும் ஒரு பிடியில்

ஆடி 6

மடக்கெழுத்தாணி என்று நெடுநாளாகப் படித்தும் கேட்டும் வந்த கருவி, சோழவந்தானில் என் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்த சுவடிப் பெட்டியை விட்டு இறங்கி, இன்று என் உடைமையாகி மேசைமேல் கிடக்கிறது. “இரும்புதானேன்னு பழைய சாமான்காரனுக்குப் போட மனசு வரலைப்பா, உனக்குத்தான் இதுல பிரியம், நீயே வச்சுக்க” என்று சொல்லிச் சித்தப்பா அதைத் தம் துண்டினால் துடைத்துக் கொடுத்தார். மடக்கிய நிலையில் பார்த்தால், உள்ளங்கையின் அகலத்தைச் சிறிதே கடந்து நீளும் ஒரு மாட்டுக் கொம்புப் பிடி. நடுவில் சற்றுப் பருத்து, இரு கோடிகளிலும் ஒடுங்கி, ஒவ்வொரு கோடியிலும் ஒரு பித்தளைப் பூண் பூண்டிருக்கிறது. ஒரு பக்கத்துப் பிளவில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் ஒரு கோடியிலிருந்து கத்தி வெளிப்படுகிறது. பிடியைப் புரட்டி மறுபக்கத்துப் பிளவிலும் அவ்வாறே செய்தால் எதிர்க்கோடியிலிருந்து எழுத்தாணி எழுகிறது. இரண்டையும் ஒருங்கே திறந்து வைத்தால், இது வெட்டுங் கருவியா எழுதுங் கருவியா என்று அறியாதவர்கள் மயங்குவார்கள்.

கத்தியின் அலகு குட்டையானது. முதுகு நேராகவும் வாய் முனையருகே சிறிது வளைந்தும் இருக்கிறது. எழுத்தாணி உருண்டு திரண்ட தண்டாகத் தொடங்கிப் படிப்படியாக ஒடுங்குகிறது. ஆனால் அதன் முனை ஊசியின் முனை அன்று. விரலை வைத்து அழுத்தினால் தோலைத் துளைக்காமல் பதிந்து மட்டும் நிற்கும் ஒருவகை அடங்கிய கூர்மை அதற்கு உண்டு. ஓலையைக் கீற வேண்டும், ஆனால் கிழிக்கலாகாது என்ற நியதி அந்த முனையிலேயே அமைந்துவிட்டது.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள், 1940 முதல் 1942 வரையில் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணிகளை மூன்று வகையாகப் பிரித்துக் கூறுகிறார்கள். குட்டையாய்க் கொண்டை கனத்தது குண்டெழுத்தாணி. நீளமாய், தலைப்பில் ஓலை வாரும் சிறு கத்தி அமைந்து உறையில் செருகப்படுவது வாரெழுத்தாணி. கத்தியையும் எழுத்தாணியையும் பிடிக்குள் மடக்கிக் கொள்வது மூன்றாம் வகை. அந்த மூன்றாவது இனத்தில் ஒன்று என் கையில் இருப்பதை எண்ணி மனம் பெரிதும் களிக்கிறது.

ஆடி 9

இதன் அமைப்பில் என் சித்தத்தை முதலில் கவர்ந்தது, இதில் ஸ்பிரிங் என்பதே இல்லாமை. இக்காலத்து மடக்குக் கத்திகளில் அலகு திறந்ததும் அசையாமல் நிற்கும்படி முதுகுப் புறத்தில் ஒரு ஸ்பிரிங் பட்டையை அமைத்திருப்பார்கள். 1897-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் பதிவுசெய்த புகழ்பெற்ற கத்தியில், ஒரே ஸ்பிரிங் பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்குமாறு செய்ததே அவருடைய சாமர்த்தியம். அதற்கு முன்னே, 1890-ல், ஆல்ப்ஸ் மலைச்சாரலைச் சேர்ந்த ஸவாய் நாட்டில் ஜோசப் ஓபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியோ, ஸ்பிரிங்கை நாடாமல் ஆணியின் இறுக்கம் ஒன்றையே நம்பி நின்றது. திறந்த அலகு தானே மடங்கி விரலைப் பதம் பார்க்காதபடி காக்கும் சுழல் வளையம் அதில் 1955-ல்தான் சேர்ந்தது. என் மடக்கெழுத்தாணியும் ஆணியின் இறுக்கத்தையே நம்பியது. ஆயினும் வளையத்தின் வேலையை வளையம் இன்றியே செய்துகொள்கிறது.

அது செய்யும் விதம் இதுதான். எழுத்தாணியின் அடிப்பகுதி, அது சுழலும் ஆணியைக் கடந்து நெல்லளவு பின்னே நீண்டு ஒரு சிறு வாலாக முடிகிறது. தண்டை முழுதும் திறந்தவுடன் அந்த வால் பித்தளைப் பூணின் உட்சுவரில் போய் முட்டிக்கொள்கிறது. எழுதுபவன் கருவியை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்தே அழுத்துகிறானாதலால், அந்த அழுத்தம் தண்டின் வழியே நேராக மேலேறி வாலைப் பூணோடு இன்னும் நெருக்குகிறது. அழுத்த அழுத்த மூட்டு உறுதிப்படுகிறதேயன்றித் தளர்வதில்லை. கத்தியின் பக்கத்திலும் இதே ஏற்பாடுதான். வாயை வைத்துச் சீவும்போது அலகு திறக்கும் திசையிலேயே தள்ளப்படுவதால் அங்கும் வால் தாங்குகிறது. முனையால் குத்தினாலோ முதுகின்மேல் பலமாக அழுத்தினாலோதான் அலகு மடங்கக்கூடும். ஓலை வேலையில் இரண்டுக்கும் அவசியமே இல்லை, துளையிடுவதற்கு எழுத்தாணி இருக்கிறது. தேவையில்லாத திசையில் பலத்தைச் செலவிடாமல், தேவையான திசையில் ஒரு குறையும் வைக்காத அந்தப் பெயர் தெரியாத கருமானின் புத்தியை நான் மனமார வணங்குகிறேன்.

மேல்நாட்டில் வாத்திறகால் எழுதிய காலத்தில், அடிக்கடி மழுங்கிப்போகும் இறகின் முனையைச் சீவிக்கொள்வதற்கென்றே எழுத்தர்கள் சிறு கத்தி ஒன்றை உடன் வைத்திருந்தார்கள்; அங்கே கத்தி எழுதுகோலுக்கு ஏவல் செய்தது. நம் நாட்டிலோ எழுதுகோல் இரும்பு; அதற்குச் சீவுதல் எதற்கு? மரத்திலிருந்து வரும் ஏடுதான் ஒவ்வொன்றும் சீவப்பட்டு ஒழுங்காக வேண்டும். ஆகவே இங்கே கத்தி ஏட்டுக்குப் பணிசெய்து, எழுதுகோலுக்குத் துணையாக ஒரே பிடிக்குள் குடியிருக்கிறது.

ஆடி 17

எழுத்தாணிப் பக்கத்து ஆணி தேய்ந்து தண்டு பக்கவாட்டில் ஆடிற்று. மதுரையிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் சாலையில் வைகையை ஒட்டியிருக்கும் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குத் தமிழ்நாடெங்கும் பேர்போன ஊர். லாரிப் பட்டையை உலையில் காய்ச்சிப் பலமான அரிவாள்களை அடித்தெடுக்கும் அவ்வூர்ப் பட்டறை ஒன்றில், இத்தனை சிறிய சாமானை வாங்கிப் பார்ப்பார்களோ என்று ஐயுற்றுக்கொண்டே சென்றேன். முதியவரான கருமான் அதை வாங்கி, திறந்து, மூடி, காதருகே வைத்து மறுபடியும் திறந்து கேட்டார். “இரும்பு நல்ல இரும்புய்யா. ஆணிதான் தேஞ்சு போச்சு. இறுக்குனா மடங்காது, விட்டா நிக்காது, நடுவுல ஒரு பதம் இருக்கு, அது கைக்குத்தான் தெரியும்” என்றார்.

பழைய ஆணியின் தலையை அரத்தால் ராவிக் களைந்து, சிறு உளியால் தட்டி வெளியே தள்ளினார். புதிய கம்பியை நறுக்கிச் செருகி, பட்டடைக்கல்லின் ஓரத்தில் பிடியைச் சார்த்தி, சின்னஞ்சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தண்டை மடக்கி விரித்துப் பார்த்தே அடுத்த தட்டுத் தட்டினார். அரிவாளின்மேல் சம்மட்டி ஓங்கும் அதே கைதான் இத்தனை லாகவமாக இயங்கியது. கத்தியைச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தருமாறு கேட்டேன். “வேண்டாங்கய்யா, மெலிசு அலகு, சூடேறுனா தோய்ச்சல் போயிரும். வீட்டுல கல்லுல தண்ணி விட்டுத் தீட்டிக்கங்க” என்று மறுத்துவிட்டார். காசுக்காக எதையும் செய்துவிடாத அந்த மறுப்பில் தொழிலறிவும் தர்மமும் ஒருங்கே இருந்தன.

ஆடி 26

கருவியை அறிய வேண்டுமானால் அதனுடைய வேலையைச் செய்துபார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. சோழவந்தான் பக்கத்துக் கண்மாய்க்கரைப் பனைகளில் ஏறும் ஒரு பெரியவரிடம் சொல்லி, குருத்துமாகாமல் முற்றலுமாகாமல் இடைப்பருவத்தில் நிற்கும் ஓலைகளை வெட்டி வாங்கி வந்தேன். குருத்தோலை காய்ந்தால் சுருங்கும். முற்றிய ஓலை எழுத்தாணி பட்டதும் நொறுங்கும். நிழலில் உலர்த்தி, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பான கல்லால் இழைத்தபிறகு, ஓலை பச்சை நிறம் மாறி வெளிர் மஞ்சளாகிப் பணிந்து கிடந்தது.

அதன்பின் கத்தியின் வேலை. இலையின் நடுவே ஓடும் ஈர்க்கின் ஓரமாக அலகைச் சார்த்தி ஒரே மூச்சில் இழுத்தால், ஈர்க்கு நாராகப் பிரிந்து விழுகிறது. வாய் முனையருகே வளைந்திருப்பதன் காரணம் அப்போது விளங்கிற்று. நேரான வாயாக இருந்திருந்தால் தொடங்குமிடத்திலேயே ஓலையைப் பிளந்திருக்கும். இவ்வளைவோ மேலெழுந்தபடியே நழுவிச் செல்கிறது. நேரான முதுகும் வீணாக அமைந்ததன்று. ஓரத்துப் பிசிர்களை அந்த முதுகால் வழித்து ஒழுங்கு செய்யலாம்.

ஓலை வாங்கித் திரும்பும் வழியில் திருவேடகத்தில் இறங்கிச் சுவாமி தரிசனம் செய்தேன். நின்றசீர் நெடுமாறன் காலத்தில், சமணரோடு நிகழ்ந்த வாதத்தில், திருஞானசம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரையேறிய தலம் என்று பெரியோர் போற்றும் இடம் அது. ஓலையைக் கையால் பதப்படுத்தப் புகுந்த நேரத்தில் அங்கே நிற்க நேர்ந்தது எனக்குப் பெரும்பேறாகவே தோன்றியது.

ஆவணி 8

இன்று எழுதினேன். முன்னோர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறைபோல் ஒரு சிறு பள்ளம் செய்து, எழுத்தாணியின் தண்டை அதில் பதித்துக்கொண்டு எழுதினார்கள்; நானும் நகத்தை வளர்த்து, இதே கத்தியின் முனையால் அப்பள்ளத்தை அமைத்துக்கொண்டேன். காகிதத்தில் கை நகர்கிறது, தாள் நிற்கிறது. ஏட்டிலோ எழுத்தாணி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, இடக்கை ஓலையை மெல்ல மெல்ல இடப்புறமாக நகர்த்துகிறது. உழவனின் கொழுமுனைபோல் எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறிச் செல்லும்போது எழும் மெல்லிய கிரீச்சொலியே எழுத்து ஆழமாக விழுகிறதா என்பதை அறிவிக்கிறது. கண்ணைவிடக் காதே இங்கு நம்பத்தக்க சாட்சி.

நேர்கோடுகள் ஓலையைக் கிழிக்குமாதலால்தான் நம் எழுத்துகள் வட்டமாயின என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை அப்படியே ஒப்புக்கொள்ள என் அனுபவம் இடங்கொடுக்கவில்லை. ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடுகளால் ஆனவைதாமே? நாருக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக இழுக்கும் கோடு அச்சமின்றித் திடமாக விழுகிறது. நாரின் போக்கிலேயே படுக்கையாக இழுக்கும் கோட்டில்தான், முனை நாருக்குள் புகுந்து ஓடிவிடாதபடி கையை இலேசாக்க வேண்டியிருக்கிறது. அந்த எச்சரிக்கையை எழுத்தின் உருவத்தைவிட எழுதுகிறவனின் கையே கற்றுக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம். புள்ளி விஷயம் வேறு: முனையை ஊன்றி எடுத்தால் ஓலையில் துளையே விழுந்துவிடுகிறது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறாமலே நிற்பதை இன்று என் விரல்கள் மன்னித்துவிட்டன. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றிக் கிடந்த அந்தப் பரப்பிலிருந்துதான் சாமிநாதையரவர்கள் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார்கள் என்பதை எண்ணும்போது, அப்பெரியாரின் சிரத்தைக்கு எல்லை காண முடியவில்லை.

எழுதிய உடனே ஏட்டில் எதுவும் நன்றாகத் தெரிவதில்லை. கோவையிலைச் சாற்றில் விளக்குக் கரியைக் குழைத்து ஏட்டின்மேல் தடவி, துணியால் துடைத்தபோது, கரி கீறல்களில் மட்டும் தங்கி, வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்து எழுந்தன. இதற்கு மையாடல் என்று பெயர்.

ஆவணி 10

மாலையில் மதுரைக் கோயிலைச் சார்ந்த பழைய நகரத்துள் எழுத்தாணிக்காரத் தெரு வழியாக நடந்துவந்தேன். மடியில் மடக்கெழுத்தாணி இருந்தது. எழுதுங் கருவியோடு பிழைத்தவர்களின் பெயரால் ஒரு தெரு விளங்க, 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கமும் இதே நகரில், ஏட்டுச் சுவடிகளையும் நூல்களையும் ஒருசேரத் திரட்டி வைத்தது. இவை இரண்டையும் உடைய ஊரில், இத்தகைய கருவியொன்றைச் செய்துதரவல்லவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று நாலைந்து கடைகளில் விசாரித்தேன். பலர் பெயரையே புதிதாகக் கேட்டார்கள். எனக்கு அது உண்மையான வருத்தத்தைத் தந்தது.

ஆவணி 15

பழகியபின் தெளிந்த அபிப்பிராயத்தைப் பதிந்துவைக்கிறேன். நீண்ட நேரம் எழுத இது உகந்ததன்று. எழுத்தாணியைத் திறந்து எழுதும்போது, மடங்கியிருக்கும் கத்தியின் முதுகு பிளவிலிருந்து மயிரிழை அளவு மேலெழுந்து, நடுவிரலின் பக்கவாட்டில் உறுத்துகிறது. குண்டெழுத்தாணிக்கு உரிய கொண்டைக் கனமும் இதற்கு இல்லாததால், கீறலின் ஆழம் முழுவதையும் விரல்களே தர வேண்டியிருக்கிறது. ஒரு புராணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரையில் பிரதி செய்ய உட்காருகிறவர் குண்டெழுத்தாணியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் போன்ற புலவர் வாய்மொழியாகப் பாடிக்கொண்டே போக, உடனிருக்கும் மாணவர் ஏட்டில் ஏற்றிக்கொண்டே வந்த காலத்தில், வழிநடையில் உறையும் வேண்டாமல், மடியில் செருகினால் உடம்பைக் குத்தாமல், ஓலை நறுக்க வேறொரு கருவியைத் தேடவும் வைக்காமல் நின்றது இதுவே. பயணத்துக்கும் அவசரத்துக்கும் இதற்கு நிகரில்லை. உறுத்தும் முதுகை ராவித் தேய்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டேன். பிசிர் வழிக்க அந்த முதுகு வேண்டும். இரும்புக்கு நல்லெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுக்கிறது. தேங்காயெண்ணெயே நன்று, கொம்புப் பிடிக்கும் அது ஒத்துக்கொள்கிறது. அடுத்தபடியாக, பனையோலையினும் மெல்லியதும் அகன்றதுமான தாளிப்பனை ஓலையில் இதைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஓலை தருவித்துத் தருவதாகச் சித்தப்பா வாக்களித்திருக்கிறார்.