கால் விரலை அசை

என் பேத்திக்குப் பதினான்கு வயதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது. டாக்டர்கள் ஸ்கோலியோசிஸ் என்றார்கள். உலோகக் கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். நல்லபடி முடிந்து, இப்போது லஸ் வரை நடந்து போய் வருகிறாள். ஆனால் அதற்கு முன் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஒரே பயம்: நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபட்டுக் கால் விளங்காமல் போனால்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்தப் படிப்பு அப்போது கைகொடுத்தது. லியோன் நகரத்து டாக்டர் ஸ்தாஞாராவும் சகாக்களும் 1973-இல் எழுதிய வழி இது: ஆபரேஷன் நடுவில் மயக்கத்தைக் குறைத்து, "கையை இறுக்கு, கால் விரலை அசை" என்பார்கள். கை அசைந்து கால் அசையாவிட்டால் கம்பியைத் தளர்த்த வேண்டும். பெயர், விழிப்புச் சோதனை.

"எழுப்பினால் வலிக்குமா தாத்தா?" என்றாள் பேத்தி. பெரும்பாலோருக்கு நினைவே இருப்பதில்லை என்றேன்.

அந்தச் சோதனை அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். இன்று மின்சாரம் தொடர்ந்து காவல் இருக்கிறது. கணுக்காலில் மின்துடிப்பு கொடுத்துத் தலையில் பதிவு செய்தால் உணர்ச்சிப் பாதை தெரியும். தலையில் கொடுத்துக் கால் தசையில் பதிவு செய்தால் அசைவுப் பாதை தெரியும். ஒன்று சரியாக இருக்கும்போதே மற்றது கெடலாம். ஆகவே இரண்டும் வேண்டும். அலை சரிந்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்கள், கம்பியைத் தளர்த்துவார்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் பழைய விழிப்புச் சோதனைதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி வந்தால், செலவைக் கேட்குமுன் இதைக் கேளுங்கள்: இரண்டு பாதைகளையும் பார்ப்பீர்களா? அலைகளைக் கவனிக்கத் தனியாக ஆள் உண்டா?